எல்லோருக்கும் பேப்பர் கப்

"மத்தது எதை வேணாலும் மாத்திக்கோ. டீ கப்புல மட்டும் கை வெக்காதே."

சொல்லிவிட்டு உம்மா அடுப்பை அணைத்தாள். சட்டியிலிருந்த முட்டை பாதிதான் வெந்திருந்தது. அதை அப்படியே தட்டில் வழித்துப் போட்டு மகளின் முன்னால் நகர்த்தினாள். கோபம் வந்தால் உம்மா பாத்திரத்தை உருட்டுகிறவள் இல்லை, குரலை உயர்த்துகிறவளும் இல்லை. சமையலை அரைகுறையாக விட்டுவிடுவாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்பதால் அந்தக் கோபத்தை மகள்தான் எப்போதும் சாப்பிட்டாக வேண்டும்.

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முந்தின நாள் நல்ல சேதி என்று நினைத்துத்தான் வீட்டில் வந்து சொன்னாள். சங்கத்தில் இனிமேல் பேப்பர் கப் கிடையாது, கண்ணாடி கிளாஸ் வாங்கியாயிற்று, தலைவரே சரி என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து உம்மாவின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"குப்பை குறையும்ல உம்மா? பின்னால அந்த மூட்டைகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"தாண்டிட்டுப் போறேன். எனக்கென்ன, காலா வலிக்குது?"

உண்மையில் காலும் வலித்தது, வலது தோளும் வலித்தது. இரண்டுக்கும் அவள் தினமும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துச் சொன்னால் பேச்சு வளரும் என்று மகள் முட்டையை விழுங்கிவிட்டு எழுந்தாள்.

தாயும் மகளும் வேலை பார்த்தது ஒரே இடத்தில்தான். முஸ்லிம் நலச் சங்கம் ஒன்று. ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழைகளுக்குச் சாப்பாடு, ரத்த தானம், ஒரு ஆம்புலன்ஸ், பெண்களுக்குத் தையல் வகுப்பு என்று ஆரம்பித்து, பின்னால் மய்யித்து குளிப்பாட்ட, அதாவது இறந்தவர்களின் உடலைக் கழுவ, ஒரு அறையும் கட்டியிருந்தார்கள். வீடு குறுகலாக இருக்கிறவர்களும் வீடே இல்லாதவர்களும் தங்கள் மய்யித்தை அங்கே கொண்டுவருவார்கள். ஆண் மய்யித்தை ஆண்களும் பெண் மய்யித்தைப் பெண்களும்தான் குளிப்பாட்ட வேண்டும் என்பதால், பெண்களுக்கென்று ஒருத்தி தேவைப்பட்டாள். கணவன் இறந்து கைக்குழந்தையான ஒரு மகளோடு நின்ற உம்மா அந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள். வேறு யாரும் வரவில்லை. முகத்துக்கு நேரே அவளை எல்லோரும் 'பெரியம்மா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'மய்யித்தம்மா'. இரண்டும் அவளுக்குத் தெரியும்.

அந்த வேலையில்தான் மகளைப் படிக்க வைத்தாள். மகள் சுற்றுச்சூழல் படித்துவிட்டு, வேறு இடங்களில் கிடைத்த வேலையை எல்லாம் விட்டுவிட்டு, சங்கத்திலேயே வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில் ஒன்றொன்றாக மாற்ற ஆரம்பித்தாள். தொழுகைக்குமுன் கை கால் கழுவி ஒளு செய்யும் குழாய்களில் தண்ணீர் கொட்டாமல் சன்னமாக வரும்படி செய்தாள். அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் வாய்க்கால் வெட்டிப் பின்பக்கத் தோட்டத்துக்குத் திருப்பினாள். சமையல் கழிவு உரக்குழிக்குப் போயிற்று. தக்காளியும் கீரையும் விளைந்து ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் சேர்ந்தன. அலுவலகத்தில் அவளுக்கு 'பச்சை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பொண்ணை இன்னும் கொஞ்ச நாள் விட்டால் நாம் கையேந்தித் துஆ கேட்டு அழுகிற கண்ணீருக்கும் குழாய் போட்டுச் செடிக்கு விட்டுவிடும் என்று ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லிச் சிரிப்பார். பச்சையும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுக்கு அந்த இடத்தைப் பிடித்திருந்தது. குறிப்பாகக் காலைக் கூட்டம். வேலை தொடங்குமுன் எல்லோரும் கூடத்தில் கம்பளத்தின் மேல் வட்டமாக உட்காருவார்கள். யாராவது சில வசனங்கள் ஓதுவார்கள், தலைவர் அதன் பொருளைச் சொல்வார். பிறகு ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பேசவேண்டும்: எந்த எண்ணத்தோடு இன்று அதைச் செய்யப்போகிறேன் என்று. தலைவர் நல்ல மனிதர், கை சுத்தம், வாய் சுத்தம். ஃபைலைத் திறப்பதும் இறைவணக்கம்தான், குழாயை மூடுவதும் இறைவணக்கம்தான், இங்கே பெரிய வேலை சின்ன வேலை என்று எதுவுமில்லை என்று அவர் சொல்லும்போது பச்சைக்கு மெய்யாகவே நெஞ்சு நிறையும். உம்மா மட்டும் அந்த வட்டத்தில் உட்கார்ந்ததில்லை. அந்த நேரத்தில் பின்னால் எனக்கு வேலை இருக்கிறது என்பாள். மகள் அதையும் நம்பினாள்.

கண்ணாடி கிளாஸ்கள் வந்த அன்று கூடத்தில் ஒரு சின்னக் குதூகலம். அடுக்களைக்கார அக்கா அவற்றைக் கழுவித் தட்டு நிறைய அடுக்கி, டீ ஊற்றிக் கொடுத்தாள். பேப்பரில் குடித்துக் குடித்து டீயின் ருசியே மறந்துபோயிருந்தது என்று கணக்கர் சொன்னார். உம்மா பின்பக்கத்திலிருந்து வரவில்லை. கூப்பிட்டு அனுப்பியதற்கு, டீயை விட்டுவிட்டேன், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பதில் வந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமலே அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டுக் குடித்தாள். வயிறு ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஒரு நாள் வெயில் கொளுத்தியது. பின்னறைக்கு ஒன்றன்பின் ஒன்றாக மய்யித்துகள் வந்தன. உம்மா குளித்துத் துணி மாற்றிக்கொண்டு சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. பச்சை ஒரு கிளாஸில் டீ வாங்கிப் போய்க் கையில் திணித்தாள். உம்மா கிளாஸைப் பார்த்தாள், கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பிறகு மடக் மடக்கென்று சுடச்சுடக் குடித்துவிட்டு, கிளாஸை அவளே சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒருமுறை கழுவியது போதாமல் மறுபடியும் கழுவினாள். மற்றவற்றோடு சேர்க்காமல் அடுக்கின் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்தாள்.

மறுநாள் உரக்குழிக்குப் போட வேண்டியதைப் பிரிக்கும்போது குப்பைக் கூடையில் ஒரு கிளாஸ் கிடந்தது, அடுக்கின் ஓரம் காலியாக இருந்தது. விரிசல் இல்லை, விளிம்பு உடையவில்லை. கை தவறி விழுந்திருக்கும் என்று பச்சை எடுத்துக் கழுவி அந்த ஓரத்திலேயே வைத்தாள். அதற்கடுத்த நாள் அது மறுபடியும் குப்பையில் இருந்தது. இந்தமுறை பழைய பேப்பரில் சுற்றியிருந்தது.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் போய் நின்றாள். அடுக்களைக்கார அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கிளாஸைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். நான் போடவில்லை என்று முதலில் சொன்னாள். பிறகு, உனக்கு நிஜமாகவே தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

சங்கத்தில் முதலில் கண்ணாடி கிளாஸ்தான் இருந்ததாம். உம்மா வேலைக்கு வந்து சேர்ந்ததும் தையல் டீச்சரும் இன்னும் சில பேரும் டீ குடிப்பதை நிறுத்தினார்கள். சில பேர் வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் தட்டில் டீ ஆறிப்போய்த் திரும்பி வந்தது. விஷயம் தலைவர் காதுக்குப் போயிற்று. அவர் யாரையும் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை, யாருடைய முகமும் வாடும்படி விடவில்லை. கொஞ்ச நாளில் பேப்பர் கப் வந்தது. சுகாதாரம் என்று சொன்னார்கள். எல்லோர் கையிலும் பேப்பர் கப், உம்மாவின் கையிலும் பேப்பர் கப். ஒரு மனசும் நோகாமல் முடித்துவிட்டார் என்று அப்போது தலைவரை எல்லோரும் மெச்சினார்களாம்.

பச்சை உரக்குழியின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் இங்கே ஓடி விளையாடிய நாட்களிலும் அந்தக் குப்பை மூட்டைகள் இருந்தன. கல்லூரிக்குப் போன காலத்திலும் இருந்தன. அவற்றை ஒழிப்பதையே பெரிய சேவை என்று அவள் காலைக் கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கிறாள். ஒருத்தி வாய் வைத்த கிளாஸில் தாங்கள் வாய் வைத்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அத்தனை மூட்டை குப்பையும் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வட்டத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் அவள் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

அவள் தையல் வகுப்புக்குப் போனாள். டீச்சர் மட்டும் இருந்தாள். மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் கிளாஸைப் பார்த்ததும் மறைக்கவோ மழுப்பவோ முயலவில்லை.

"உங்க உம்மாவை நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். எங்க உம்மா மவுத்தானப்போ அவங்க தோள்லதான் சாஞ்சு அழுதேன். அது வேற. டீயைக் கையில எடுக்கும்போது அந்தக் கை ஞாபகம் வந்துடுது. நான் என்ன செய்யட்டும், சொல்லு."

புளி ஒத்துக்கொள்ளாது, தூசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தக் குரலில் பகை இல்லை. அதுதான் பச்சைக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

"உங்க உம்மாவைத் தொட்ட கைதானே அக்கா அது?" என்றாள்.

டீச்சர் மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள். ஊசிக்கு அடியில் துணியே இல்லை.

தலைவர் மறுநாளே பச்சையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். செய்தி எப்படியோ போயிருந்தது. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அவள் வேலையை நீளமாகப் பாராட்டினார். பிறகு தனக்கு ஒரு யோசனை தோன்றியிருப்பதாகச் சொன்னார். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து அவரவர் கப்பைக் கொண்டுவரட்டும், பெயர் எழுதி வைத்துக்கொள்ளட்டும், குப்பையும் இல்லை, பேச்சும் இல்லை. பச்சைக்கு அது சரியென்றே பட்டது. சங்கத்தின் செலவுகூட மிச்சம். அவள் சரி சார் என்று வாயெடுத்துவிட்டாள்.

"உம்மாவோட கப்பு மட்டும் பின் ரூமுலேயே இருந்துக்கட்டும்மா" என்று தலைவர் சேர்த்துச் சொன்னார். "அவங்களுக்கும் அதான் வசதி."

வாயெடுத்தது வாயிலேயே நின்றுவிட்டது.

"முடியாது சார்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்படுவது தவறு என்று காலைக் கூட்டத்தில் பலமுறை சொன்னவர். உன் உம்மா எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, ஒரு நாள் குறை சொன்னதில்லை, அதுதான் சபூர், அந்தப் பொறுமைக்கும் அந்த வேலைக்கும் இந்த உலகத்தில் யாரும் கூலி கொடுத்துவிட முடியாது, அவருடைய கூலி மறுமையில் மலை மாதிரி காத்திருக்கிறது என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

"கூலி அங்க இருக்கட்டும் சார். டீ இங்கதானே குடிக்கிறோம்" என்றாள் பச்சை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது இதைக் கிளற வேண்டாம் என்றார். வெளியூரிலிருந்து பார்வையாளர்கள் வரப்போகிறார்கள். இதுபோன்ற சங்கங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. இறைநம்பிக்கையோடு வேலை பார்ப்பது, பூமியைப் பாழாக்காமல் வேலை பார்ப்பது, இரண்டுக்கும் இந்தச் சங்கத்தையே முன்மாதிரியாகக் காட்டலாம் என்று நினைக்கிறார்கள். பச்சைதான் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிப் பேசவேண்டும். கிளாஸ் விவகாரத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

பார்த்துக்கொண்டார். அந்த வாரமே பெட்டி பெட்டியாகப் புதிய கப்புகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சை இலை அச்சடித்திருந்தது. மண்ணில் போட்டால் மக்கிவிடுமாம். உனக்கும் நிம்மதி, எல்லோருக்கும் நிம்மதி என்று தலைவர் ஒரு கப்பை எடுத்து அவள் கையில் கொடுத்துச் சிரித்தார். கண்ணாடி கிளாஸ்கள் அடுக்களை அலமாரியில் ஏறிக் கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டன.

வீட்டில் உம்மாவிடம் பச்சை எல்லாவற்றையும் சொன்னாள். உம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அதான் கை வெக்காதேன்னேன்" என்றாள். "பேப்பர் கப்பு வந்த அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. எல்லார் கையிலயும் ஒண்ணு, என் கையிலயும் அதே மாதிரி ஒண்ணு. பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியும்? அந்த மரியாதை எனக்குப் போதும்னு இருந்துட்டேன்."

"அது மரியாதை இல்ல உம்மா. மூடி வெச்சது."

"மூடி வெச்சதாலதான் நீ படிச்சே."

உம்மா மடித்த துணியையே எடுத்து மறுபடியும் உதறி மடித்தாள். தன் வேலையில் தனக்கு ஒரு அருவருப்பும் இல்லை என்று சொன்னாள். தாய் வயிற்றிலிருந்து வந்த மாதிரியே கிடக்கிற உடம்பு, அதைக் கழுவி மணக்க மணக்க அனுப்பி வைக்கிறோம், அதில் என்ன இருக்கிறது. அந்த அறைக்குள் அவளுக்குக் குறையே தெரியாது, வாசலைத் தாண்டி வெளியே வந்தால்தான் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போய்விடுகிறது என்றாள். இது என்னோடு போகட்டும், உனக்கு வேண்டாம் என்றாள்.

பார்வையாளர்கள் வரும் அன்று பச்சை நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள். கூடத்தைப் பெருக்கிக் கம்பளத்தைத் தட்டிப் போட்டிருந்தார்கள். காலைக் கூட்டம் முடிகிற நேரத்தில் ஆம்புலன்ஸ் பின்பக்கம் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டு வராத ஒரு வயதான பெண்ணின் மய்யித்து. தண்ணீர் ஊற்ற உம்மாவுக்கு உதவியாக வருகிறவள் அன்று காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். டிரைவர் வந்து கூடத்து வாசலில் நின்று, பெரியம்மா ஒருவரால் தூக்க முடியாது, பெண்களில் யாராவது வரவேண்டும் என்றார். அவருடைய குரல் தேவைக்குமேல் தாழ்ந்திருந்தது. கூடத்தில் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி நாற்காலிகளை நேராக்கினாள். ஒருத்தி ஃபோனைப் பார்த்தாள். தையல் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

பச்சை எழுந்தாள். விருந்தாளிகள் வருகிற நேரமென்று தலைவர் அவளைப் பார்த்து வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தார். அவள் பார்க்காத மாதிரி நடந்தாள்.

உம்மா கதவை உள்ளிருந்து பாதி திறந்து, மகளைக் கண்டதும் அந்தப் பாதியில் நின்றுகொண்டாள்.

"நீ போ. வேற யாரையாவது அனுப்பு."

"வேற யாரும் வரல."

"அப்ப நான் ஒருத்தியே பார்த்துக்கறேன். நீ உள்ள வந்தா அப்புறம் உன் கையையும் இப்படித்தான் பார்ப்பாங்க."

பச்சை முழங்கை வரை சட்டைக் கையை மடித்துவிட்டாள். "தோள் தூக்காது உம்மா. வழி விடுங்க."

உம்மா வழி விட்டாள்.

பச்சை அதற்குமுன் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். பயம் இல்லை. மேடையில் கிடந்த அந்த அம்மாளின் முகம் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. உடம்பைத் துணியால் மூடியபடியே, துணிக்கு அடியில் கை விட்டு உம்மா கழுவினாள். தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்துக்கொண்டாள், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்க்கிற மாதிரி. இப்படித் திரும்பும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோம்மா என்று மய்யித்தோடு பேசிக்கொண்டே செய்தாள். மகள் தண்ணீர் ஊற்றினாள், உம்மா சொன்னபோது தோளைத் தாங்கிப் பிடித்தாள். அந்தத் தோள் கனமாகவும் சில்லென்றும் இருந்தது. இந்த அம்மாளை உயிரோடு கடைசியாக யார் தொட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கற்பூரத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, வெள்ளைத் துணி சுற்றி முடித்தபோது அந்த முகம் பதில் கிடைத்துவிட்ட மாதிரி தெரிந்தது. ஒருவேளை அப்படி நினைத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்திருக்கலாம்.

இருவரும் குளித்தார்கள். பச்சையின் நல்ல உடுப்பு நனைந்துபோனதால் உம்மாவின் இன்னொரு மாற்று உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டாள். அது தொளதொளவென்று தொங்கியது. உம்மா அவள் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. தன் கைகளுக்கு நடந்த எதையும் உம்மா அப்படிப் பார்த்ததில்லை.

"வா, டீ குடிப்போம்" என்றாள்.

கூடத்தில் பார்வையாளர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்தையும் வாய்க்காலையும் டிரைவரே ஒருமாதிரி சுற்றிக் காட்டியிருந்தார். தலைவர் பேசிக்கொண்டிருந்தார். இங்கே எல்லோரும் ஒரே வரிசையில் தொழுகிறோம், ஒரே வட்டத்தில் உட்காருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தொளதொள உடுப்பில் வந்த பச்சையைக் கண்டதும், இதோ, எங்கள் பசுமைப் பணிக்கெல்லாம் காரணமான பெண் என்று பெருமையோடு கை காட்டினார். எல்லோர் கையிலும் இலை போட்ட கப்புகள். அடுக்களைக்கார அக்கா தாய்க்கும் மகளுக்கும் ஒவ்வொரு கப்பை நீட்டினாள். உம்மா வாங்கவில்லை. அலமாரிக்குப் போய் இரண்டு கண்ணாடி கிளாஸை இறக்கி, கழுவி, கேனிலிருந்து தானே டீ பிடித்தாள். ஒன்றை மகளிடம் கொடுத்தாள். இருவரும் கூடத்துக்கு வந்து வட்டத்தில் உட்கார்ந்தார்கள். உம்மா அந்தக் கம்பளத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

வந்தவர்களுக்குத் தலைவியாக ஒரு நரைத்த அம்மையார் இருந்தார். எதையும் கவனித்துப் பார்க்கிற கண். தன் கையிலிருந்த கப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது மக்குகிற கப் என்றாலும் ஒருமுறைதானே பயன்படும், உங்கள் இருவர் கையில் மட்டும் கண்ணாடி கிளாஸ் இருக்கிறதே, அதையே எல்லோருக்கும் வைக்கக் கூடாதா என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தலைவர் முந்திக்கொண்டார். "பெரியம்மாவுக்குக் கண்ணாடியில குடிச்சாத்தான் பிடிக்கும்" என்று சிரித்தார்.

எழுந்து பேசப் பச்சை வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் உம்மா பேசிவிட்டாள். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, இன்ன தெரு எங்கே இருக்கிறது என்று வழி சொல்கிற குரலில் சொன்னாள்.

"பிடிக்கிறதுக்கில்லைங்க. நாங்க மய்யித்து குளிப்பாட்டுறவங்க. நாங்க வாய் வெச்ச கிளாஸ்ல இங்க இருக்கிறவங்க குடிக்க மாட்டாங்க. அதுக்காகத்தான் எல்லாருக்கும் பேப்பர் கப்பு."

நரைத்த அம்மையார் கப்பைக் கீழே வைத்தார். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கம்பளத்தைப் பார்த்தார். சண்டையாக இருந்தால் யாராவது விலக்கிவிடலாம், அழுகையாக இருந்தால் யாராவது தேற்றலாம். உம்மா இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. இப்போ என் மகளும் குளிப்பாட்டுறா, இன்னைக்குத்தான் ஆரம்பிச்சா என்று மட்டும் சேர்த்துச் சொன்னாள். சொல்லும்போது அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. பச்சை டீயை உறிஞ்சினாள். அந்த அமைதியில் அது பெரிதாகக் கேட்டது. கேட்கட்டும் என்று இன்னொரு முறையும் உறிஞ்சினாள்.

பார்வையாளர்கள் தொழுகை அறையையும் தையல் வகுப்பையும் பார்க்க எழுந்தார்கள். தலைவர் முன்னால் நடந்தார், ஆனால் பேசிக்கொண்டு நடக்கவில்லை. தையல் டீச்சர் மட்டும் பின்தங்கி அடுக்களை வாசலில் நின்றாள். உள்ளே உம்மா இரண்டு கிளாஸையும் கழுவிக்கொண்டிருந்தாள். இந்தமுறை ஒரே தடவைதான் கழுவினாள். கழுவி அலமாரியில் வைக்கப் போனவள், அங்கே கவிழ்ந்திருந்த கிளாஸ்களை எல்லாம் கை நிறையக் கை நிறைய இறக்கி மேடையில் வைத்தாள். ஈரமாயிருந்த இரண்டையும் தலைத்துணி நுனியால் துடைத்து அந்தக் கூட்டத்தோடு சேர்த்தாள். பிறகு முன்னுள்ளதைப் பின்னாலும் பின்னுள்ளதை நடுவிலுமாக மாற்றி மாற்றி வைத்தாள். பச்சையும் கூட நின்று கை கொடுத்தாள். கண்ணாடி மேல் கண்ணாடி உரசிக் கணகணத்தது. எது எங்கே போயிற்று என்று கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே தெரியாமல் போய்விட்டது.

உம்மா எல்லாவற்றையும் மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டுத் திரும்பினாள். டீச்சரைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு எங்களோடது" என்றாள். "எதுன்னு எனக்கும் தெரியாது. தூக்கிப் போடறதுன்னா எல்லாத்தையும்தான் போடணும்."